பனிமலைக்கு அடியில் மூன்று வரி

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதே செல்வலட்சுமிக்கு வேலையாகிப் போனது. திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கும். இடது பக்கம் எக்ஸெல். முன்னறையில் உட்கார்ந்து பெரிய அண்ணாச்சி தட்டுகிற ஆர்டர்கள் அதில் ஒவ்வொரு வரியாக வந்து விழும். வலது பக்கம் கோரல் டிரா. அதில் காலண்டர் படங்கள். எக்ஸெல் ஒரு வரியைப் படித்துவிட்டு கோரலைக் கூப்பிடும். இன்ன படத்தைத் திற என்னும். கோரல் திறக்கும். அடியில் கடைப் பெயரைப் பெரிய எழுத்தில் போடு என்னும். போடும். அதற்குக் கீழே ஊர், அதற்குக் கீழே போன் நம்பர். பிறகு மிஷின் ரூமில் இருக்கிற பிரிண்டருக்கு அனுப்பு என்னும். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஒரு முனகல் முனகி, அச்சுக்குப் பிளேட் எடுக்கிற டிரேசிங் தாளை வெளியே தள்ளும்.

யாரும் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மவுஸ் அம்பு அவள் கை படாமல் தானாக நகர்ந்துபோய், ஒரு படத்தைத் திறந்து மூடி, அடுத்ததைத் திறக்கும். பட்டுக்கோட்டை ஜவுளிக்கடை, ராசிபுரம் நெய்க்கடை, அவள் ஒருநாளும் பார்க்கப்போகாத ஊர்களின் பலசரக்குக் கடைகள் எல்லாம் முருகனுக்கும் லட்சுமிக்கும் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டு மறையும். பகல் வெயிலில் தகரக் கூரை மடமடவென்று சத்தம் போடும். தொலைவில் எங்கோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற வெடி ஒன்று, கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி கேட்கும். அந்த நேரங்களில் அவள் அந்த அறையில் இருக்கிறாளா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் இருக்கும். அது ஒரு சுகம்.

அந்தச் சுகத்துக்காகத்தான் அவள் அந்தப் புரோகிராமை எழுதினாள். அதுதான் தப்பாகப் போனது.

சிவகாசியில் அந்த அச்சகம் ஒரே நீளக் கட்டடம். முன்னறையில் பெரிய அண்ணாச்சி அய்யாதுரை, ஆர்டர்களும் ஏஜெண்டுகளும் அவர் பொறுப்பு. கடைசியில் மிஷின் ரூம். அங்கே சின்ன அண்ணாச்சி மணிகண்டராஜ். சாமிப் படங்களும் இயற்கைக் காட்சிகளும் அடித்து அடுக்கி வைத்திருப்பார்கள். ஆர்டர் வர வர, அந்தந்தக் கடையின் பெயரை மட்டும் படத்துக்கு அடியில் விட்டிருக்கும் வெள்ளைப் பட்டையில் அடித்துக் கொடுப்பது சின்னவர் வேலை. இரண்டுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் அறை, அதற்கு இரண்டு கதவு. நடுவில் செல்வலட்சுமி.

அண்ணனும் தம்பியும் பேசி வருஷங்களாகிவிட்டன. ஒரு ஆடிப்பெருக்கு அன்று நடந்தது அது. அந்த நாளில்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு ஏஜெண்டுகளுக்குக் காட்டுவது ஊர் வழக்கம்; பழைய வாடிக்கைகளின் ஆர்டர் அதற்கு முன்பே வரத் தொடங்கிவிடும். ஆல்பத்தில் ஒரு பனிமலைப் படம் இருந்தது. எந்த நாட்டு மலையோ, அடிவாரத்தில் சிவப்புக் கூரை வைத்த ஒரு வீடு. அச்சில் பனி மேல் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. பெரியவர் ஏஜெண்டுகள் முன்னால் அதைத் தூக்கிப் பிடித்து, "பாத்தீகளா, எங்க தம்பி பனிமலைக்கே நம்ம ஊரு வெயிலக் கொண்டு போயிட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவரும் சிரித்தார் என்றுதான் சொல்கிறார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து அவர் அண்ணனோடு பேசவில்லை. சின்னவர் பேசாததால் பெரியவரும் பேசவில்லை.

பேச்சு நின்றாலும் லோடு நிற்க முடியாது. அதனால் இந்தப் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் நடக்கிறதுதான் அங்கேயும் நடந்தது. சொல்ல வேண்டியதை மூன்றாவது ஆளிடம் சொல்வது. எதிரிலேயே தம்பி நின்றாலும், "செல்வி, அந்த ஆளுகிட்டச் சொல்லு, நெய்க்கடை ஆர்டரு அவசரம்னு" என்பார் பெரியவர். சின்னவர் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி நிற்பார். செல்வலட்சுமி திரும்பி, "அண்ணாச்சி, நெய்க்கடை ஆர்டர் அவசரமாம்" என்பாள். அப்போதுதான் அவர் காதில் அது விழும். "சாயங்காலம் ஆகும்னு சொல்லு" என்பார். அவள் மறுபடி திரும்புவாள்.

ஆனைக்குட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கம்ப்யூட்டர் படித்தவள். இயல்பிலேயே பேச்சுக் குறைவு. வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், பதில் வர நேரமாகும். அப்படிப்பட்டவள் நாள் முழுக்க இரண்டு பேர் வார்த்தையைச் சுமந்து திரிந்தாள். வீட்டுக்குப் போனால் நாக்கை அசைக்கவே வெறுத்துப் போகும். அவள் அம்மா இருளம்மாள் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, உள்ளங்கையில் பட்டாசு மருந்தின் வெள்ளி மினுங்க வருவாள். "ஊருக்கெல்லாம் பேசிட்டு வாரவ பெத்தவளுக்கு ஊமையாயிருதா" என்று பானையைப் பார்த்துச் சொல்வாள்.

ஆனால் அவள் சுமந்ததில் ஒரு பங்கு அவளுடையது. அது எப்படித் தொடங்கியது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு நாள் பெரியவர் கடுகடுத்த முகத்தோடு, "உள்ள கேளு, லோடு இன்னைக்குப் போகுமா, இல்ல அதுக்கும் அடுத்த வருசக் காலண்டரா அடிச்சுக் குடுப்பாகளாமா" என்றார். அவள் நடு அறையைத் தாண்டி நடந்தாள். நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் அந்த வார்த்தைகளின் சூடு அவள் வாய்க்குள்ளேயே ஆறிவிட்டது. மிஷின் ரூமில் போய் நின்று, "லோடு எப்பப் போகும்னு பெரிய அண்ணாச்சி கேட்டாக" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க சாப்பிட்டீகளான்னும் கேட்டாக" என்று தானாக வந்தது.

சின்னவர் மைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். விரல் விரலாகத் துடைத்தார். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்றார் கடைசியில்.

திரும்பி வந்து பெரியவரிடம், "சாயங்காலம் லோடு ஏத்திருவாகளாம். மதினிக்கு முட்டுவலி தேவலையான்னு கேட்டாக" என்றாள். பெரியவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தேவலைன்னு சொல்லு" என்று குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் அது பழகிவிட்டது. அங்கே ஒரு சாப்பாடு, இங்கே ஒரு முட்டுவலி, மழைக்காலத்தில் ஒரு சளி. வருஷக் கணக்கில் அவள் சொந்தமாகப் பேசியதெல்லாம் அவ்வளவுதான், அதுவும் மற்றவர்கள் பேரில்.

சீசன் நாட்களில் நடை அதிகம். கால் கூட வலிக்காது, வாய்தான் வலிக்கும். அப்போதுதான் ஒரு புத்தகத்தில் படித்தாள், ஓடிக்கொண்டிருக்கிற ஒரு புரோகிராமுக்கு இன்னொரு புரோகிராம் கட்டளை அனுப்பலாம் என்று. பஸ்ஸில் தன் ஊர் அணைக்கரையைப் பார்த்துக்கொண்டே அதை நினைத்தாள். எழுதும்போது முதல் வரியே அவளை என்னவோ செய்தது. கோரல் ஏற்கெனவே விழித்திருக்கிறதா என்று முதலில் பார். விழித்திருந்தால் அதன் கையைப் பிடித்துக்கொள். இல்லாவிட்டால் எழுப்பு. அதற்குப் பிறகுதான் எதையும் சொல். மனிதர்கள் கூட இவ்வளவு மரியாதையாகப் பேச்சைத் தொடங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியவருக்குத் தட்டச்சு நன்றாக வரும், சின்ன வயதில் தமிழில் ஹையர் பாஸ் செய்தவர். அவர் அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்து, "எதுவானாலும் இதுலயே அடிச்சிருங்க அண்ணாச்சி, தானா உள்ள போயிரும்" என்றாள். அவருக்கென்று சில வழக்கங்கள் இருந்தன, அதற்கேற்ப எழுதினாள். மேலே உள்ள படமேதான் என்றால் அவர் டிசைன் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார். எனவே வெறுமையாக இருந்தால் மேல் வரியின் படத்தையே எடு. எத்தனை காப்பி என்று போடாவிட்டால் மாதிரிக்கு ஒன்று. கடைசிக் கட்டம் குறிப்புக்கு. அதில் என்ன இருந்தாலும் டிரேசிங் தாளின் தலையில் பொடி எழுத்தில் வரும், மிஷின் ரூம் பார்ப்பதற்கு.

"இனிமே நீ நடையா நடக்க வேண்டாம்த்தா" என்றார் பெரியவர். மிஷினில் தாள் அடுக்குகிற ராக்கப்பன் நடு அறைக்குத் தலையை நீட்டி, "என்ன செல்வி, வாயப் பூட்டிச் சாவியக் கம்ப்யூட்டர்ட்ட குடுத்துட்ட?" என்றார். அவள் சிரித்தாள்.

பூட்டினால் என்ன ஆகும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. குறிப்புக் கட்டத்தில் பெரியவர் தட்டியது தட்டியபடியே போய் விழுந்தது. "இதையாவது நேரத்துக்குக் குடுக்கவும்." "போன தடவை மை இழுகியிருந்தது, கண்ணைத் திறந்து பார்க்கவும்." நடுவில் ஆற இடம் இல்லை. சாப்பிட்டீகளா இல்லை. முட்டுவலி இல்லை.

ஒரு மத்தியானம் சின்னவர் நடு அறைக்கே வந்து நின்றார். வழக்கமாக வரமாட்டார்.

"செல்வி, பெரிய ஆளுகிட்டச் சொல்லிரு. பாகம் பிரிக்க நல்லசிவம் மாமாவ வரச் சொல்லிருக்கேன். ஆடிப்பெருக்குக்கு ஆல்பத்தக் கும்பிட்டு முடிச்ச மறுநாள் உக்காந்து பேசிருவோம். மிஷினு எனக்கு, கம்பெனி பேரு அவுகளுக்கு. நான் வேற இடம் பாத்துக்கிடுதேன்."

அவள் எழுந்து நின்றாள்.

"முந்தியாச்சும் சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த வரும்" என்றார் அவர், சுவரைப் பார்த்து. "இப்ப அதுவும் நின்னுபோச்சு. அப்புறம் என்னத்துக்கு ஒரே கூரைக்குக் கீழ?"

முன்னறைக்குப் போய் அவள் சொன்னாள். இதில் கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை. பெரியவர் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார். "அவன் இஷ்டம்னு சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் அவள் நின்றாள், வேறு ஏதாவது வருமா என்று. வரவில்லை.

அன்று பஸ்ஸில் அவளுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. அந்த இரண்டு அறைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தது அவள் இட்டுக்கட்டிய அந்த ஒரு வரிதான். தன் வாய்க்கு ஓய்வு வேண்டி அவளே அதை அவிழ்த்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் நடு அறை உண்மையிலேயே ஒரு சுவராகிவிடும்.

மறுநாள் வந்ததும் கட்டளைகளுக்கு நடுவில் ஒரு வரியைச் சேர்த்தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும், குறிப்புக்குப் பக்கத்தில், சாப்பிட்டாச்சா என்று போடு. ஓடவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி இருந்தாள். வார்த்தைகள் இருட்டில் வரிசையாக நடந்து போவது மாதிரி இருந்தது, ஒன்றின் முந்தானையை ஒன்று பிடித்துக்கொண்டு.

மத்தியானத்துக்கு மேல் சின்னவர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். பின்னாலேயே ராக்கப்பன்.

"ஏம்மா, என்னது இது? ஜவுளிக்கடைத் தாள எடுத்தா சாப்பிட்டாச்சாங்குது. நெய்க்கடைத் தாள எடுத்தா சாப்பிட்டாச்சாங்குது. ஆஸ்பத்திரிக்கு அடிச்சேன், அதுலயும் சாப்பிட்டாச்சா. என் வயித்த என்ன பேப்பர் குடோன்னு நெனச்சிட்டாகளா?"

"அண்ணாச்சி, எனக்கும் சேத்துக் கேட்டிருப்பாக" என்றார் ராக்கப்பன். "நான் இன்னும் சாப்பிடலைன்னு பதில் அனுப்பிரு செல்வி."

சின்னவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை அதன் மேல் வைத்தார். எல்லாத் தாளிலும் அந்த வார்த்தை ஒரே இடத்தில், ஒரே அளவில், மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. அது ஆள் தட்டியது இல்லை என்பதற்கு அச்சுக்காரர் கண்ணுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

"இது அண்ணன் கேட்டது இல்ல, என்னா?" என்றார்.

அண்ணன் என்று அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப முந்தி கேட்டது?"

திரையில் அம்பு தானாக நகர்ந்து இன்னொரு முருகனைத் திறந்தது. சின்னவர் தாள்களை மெதுவாக அவள் மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். ராக்கப்பன் தலையைச் சொறிந்துகொண்டு அவர் பின்னால் போனார். அவள் அந்த வரியை அழித்தாள். அழித்துவிட்டால் மட்டும் என்ன.

அந்த வாரம் ஊரில் அம்மன் கோயில் பொங்கல். லீவு சொல்லும்போது, "வேல நிக்காதே?" என்று மட்டும் கேட்டார் பெரியவர். "நிக்காது அண்ணாச்சி. அது பாட்டுக்கு ஓடும். நீங்க அடிச்சா உள்ள போயிரும்" என்றாள். கிளம்பும்போது மிஷின் ரூமிலிருந்து இருமல் கேட்டது. சின்னவருக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல். அவர் வீட்டுக்காரம்மா தன் கூடப்பிறந்த அண்ணனின் மகள் பிரசவத்துக்கு ஆலங்குளம் போயிருந்தாள். சீசனில் மிஷினை விட்டுவிட்டுப் படுக்க முடியாமல், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு போர்வையை விரித்துப் படுத்தும் எழுந்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் வைத்த பானை பொங்கி வழிந்தது. குலவைச் சத்தம் அணைவரைக்கும் போய்த் திரும்பியது. செல்வலட்சுமி அணைக்கரையில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் இல்லை. ஆனாலும் வெயிலில் அணை நிறைந்து கிடக்கிற மாதிரி தளதளவென்று ஒரு மினுக்கம் அடிவரைக்கும் இருந்தது. ஆடிக்காற்று காதை அடைத்தது. நடு அறையில் இப்போது ஆளில்லாமல் அந்த ரெண்டு ஜன்னலும் பேசிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். திற. திறந்தேன். போடு. போட்டேன். அனுப்பு. அனுப்பினேன். ஒன்றுக்கு ஒன்று கோபம் கிடையாது, அக்கறையும் கிடையாது. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. சொல்லாததை மட்டுமே செய்துகொண்டிருந்த ஒருத்தி ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னத்தா இங்கன ஒத்தையில?" என்று அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லீவு நாளிலும் அவள் உள்ளங்கை மினுமினுத்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளி. "வேலைய விட்டு நிப்பாட்டிட்டாகளா?"

"இல்ல. அவுக பிரியப் போறாக."

"அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

இருவரும் இல்லாத தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் நடு அறைக்குள் வந்தபோது அவள் மேஜை மேல் ஒரு காலண்டர் இருந்தது. பனிமலைப் படம். மலை, அடிவாரத்தில் சிவப்புக் கூரை வீடு. அதற்கும் கீழே, கடைப் பெயர் வர வேண்டிய பட்டையில், பூ வேலைப்பாடு போட்ட பெரிய எழுத்தில், கருநீல மையில் இப்படி இருந்தது:

உள்ள இருமல் சத்தம் கேக்குது.

அதற்குக் கீழே, ஊர் வருகிற இடத்தில்:

கஞ்சி குடிச்சானான்னு கேட்டுச் சொல்லு.

அதற்கும் கீழே, போன் நம்பர் வருகிற இடத்தில், சின்ன எழுத்தில்:

நான் கேட்டேன்னு சொல்லாத.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எக்ஸெல்லைத் திறந்து பார்த்தாள். தேனிப் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்று பனிமலைப் படத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அதற்கு அடுத்த வரியில் இந்த மூன்றும், மூன்று கட்டங்களில். டிசைன் கட்டம் வெறுமை. காப்பிக் கட்டம் வெறுமை. எதுவானாலும் இதிலேயே அடியுங்கள் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். நேற்று சொல்வதற்கு ஆள் இல்லை. அவர் அவளிடம் சொல்கிற மாதிரி, வந்ததும் பார்ப்பாள் என்று தட்டியிருக்கிறார். எக்ஸெல் படித்திருக்கிறது. மேல் வரியின் பனிமலையையே எடுத்து, மாதிரிக்கு ஒன்று என்று கோரலுக்குச் சொல்லியிருக்கிறது. கோரல் முதல் கட்டத்தைக் கடைப் பெயராக, இரண்டாவதை ஊராக, மூன்றாவதை நம்பராகப் போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறது. ஒரு எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லாதே என்றதையும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

ராக்கப்பன் மிஷின் ரூம் கதவில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து மத்தியானம் வந்து விழுந்துச்சு. நான்தான் எடுத்தேன். என்ன கடைடா இதுன்னு வாசிச்சேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கிளிச்சுப் போட்ருதேன் அண்ணாச்சின்னேன். இங்கன கொண்டாங்காரு. போர்வையோட எந்திரிச்சு உக்காந்து வாசிச்சாரு. எம்புட்டு நேரம்ங்கிற. அப்புறம், பிளேட்டுப் போடுங்காரு."

"இதுக்கா?"

"ஒரே ஒரு காப்பிக்கு. மிஷின நிப்பாட்டி, ஓடிட்டிருந்த மையக் கழுவி, நீலத்த ஏத்தி, காய்ச்சலோட நின்னு அவரே அடிச்சாரு. ஒரு தாளு கூட வீணாக்கல. காய வச்சு, உன் டேபிள்ள கொண்டாந்து வச்சாரு. மாதிரி பாத்து ஓகே வாங்கணும்லா, செல்வி வந்து கொண்டு போவான்னாரு."

அப்போதுதான் அவள் ஓரத்தில் பென்சிலில் இருந்ததைப் பார்த்தாள். மாதிரி தயாரானால் சின்னவர் சந்தேகங்களை அப்படித்தான் எழுதி முன்னறைக்கு அனுப்புவார். "ஊர் பெயர் இல்லை. போன் நம்பர் இல்லை. கேட்டுச் சொல்லவும்." அதற்குக் கீழே, எழுதி, அழித்து, அழித்த இடத்திலேயே மறுபடி எழுதியது: "குடிச்சாச்சு."

காலண்டரைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னறைக்குப் போனாள். எத்தனையோ தடவை நடந்த அந்தத் தூரம் இந்தத் தடவை நீண்டுகொண்டே போனது, கனவில் நடக்கிற மாதிரி. வாயில் ஒன்றும் இல்லை. சுமையெல்லாம் கையில் இருந்தது.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் மலையைப் பார்த்தார். பிறகு கண் கீழே இறங்கியது. அவர் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. வெளியே ஒரு லாரி காகிதம் இறக்கிக்கொண்டிருந்தது, ஆட்கள் ஏலே ஏலே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அது அடங்குவதற்குள் அவர் அந்த மூன்று வரியையும் இன்னொரு தடவை வாசித்துவிட்டார்.

"இத யாரு அடிக்கச் சொன்னது?" என்றார் கடைசியில்.

"நீங்கதான் அண்ணாச்சி."

"நான் உங்கிட்டல்லா சொன்னேன்."

"நான் இல்ல. அது எடுத்துக் குடுத்துருச்சு."

அவர் பென்சில் எழுத்தின் மேல் பெருவிரலை வைத்தார். தேய்க்கவில்லை, சும்மா வைத்திருந்தார்.

"நீயா இருந்தா இப்படிக் குடுத்திருக்க மாட்ட" என்றார். "நீ மாத்திக் குடுத்திருப்ப."

அவளுக்குக் காது சுட்டது.

"மதினிக்கு முட்டுவலி தேவலையான்னு கேட்டாகம்ப. எங்க வீட்டம்மா எங்க தாய்மாமன் மக. அவன நடக்கப் பழக்கினதே அவதான். அவன் ஒருநாளும் அவள மதினின்னு சொன்னதில்ல. அக்காம்பான்."

அவள் நின்றாள். வருஷக்கணக்காக அவள் சொன்ன ஒவ்வொரு மதினியும் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றாள்.

"மொத நாளே தெரியும்" என்றார் அவர். "சொன்னா நீ நிப்பாட்டிருவ. அதான் சொல்லல."

அவர் எழுந்தார். காலண்டரைச் சுருட்டாமல், இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நடு அறைக்குள் வந்தார். அவளும் பின்னால் வந்தாள். மிஷின் ரூம் கதவருகில் நின்று ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆளுகிட்டச் சொல்லு என்று தொடங்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் வாயும் அதற்குத்தான் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"நீ உக்காருத்தா" என்றுவிட்டு உள்ளே போனார்.

அவள் உட்கார்ந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தாளம் தப்பி, மெதுவாகி, நின்றது. நின்றபின் வந்த அமைதி கட்டடம் முழுக்கப் பரவியது. கூரையில் வெயில் நகர்கிற சத்தம்கூடக் கேட்டது. ராக்கப்பன் சத்தமில்லாமல் வெளியே வந்து, அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, உதட்டில் விரலை வைத்துக்கொண்டார், அவள் என்னவோ பேசப்போகிற மாதிரி.

உள்ளே ஒருவர் இருமினார். இன்னொருவர் தொண்டையைச் செருமினார். மறுபடி ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அவள் காது கொடுத்துக் கேட்டாள். அதற்கு நடுவில் போய் நின்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று கால் துடித்தது. அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பனியில இப்பமும் மஞ்ச ஏறித்தான் இருக்கு" என்றது பெரியவர் குரல்.

ராக்கப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துச் சின்னவர் குரல் வந்தது. காய்ச்சலில் கரகரத்திருந்தது.

"அது வெயிலு. நம்ம ஊர்ல அடிச்ச பனில்லா."

சிரிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரோ யாருக்கோ எடுத்துப் போடுகிறார்கள்.

அதற்கு மேல் அவர்கள் அன்று அதிகம் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. பெரியவர் வெளியே வரும்போது கையில் காலண்டர் இல்லை. முன்னறைக்குப் போய் போனை எடுத்து, "மாமா, ஆடிப்பெருக்குக்கு வந்திருங்க. கும்பிட்டுட்டு அன்னைக்கே கிளம்பிரலாம், மறுநாளைக்கு ஒரு வேலையும் இல்ல" என்றார். எதிர்முனையில் என்ன கேட்டாரோ, "அத அவன்கிட்டயே கேளுங்க, இங்கனதான இருக்கான்" என்று வைத்தார்.

செல்வலட்சுமி திரையைப் பார்த்தாள். அந்த வரி இன்னும் எக்ஸெல்லில் இருந்தது, ஊர் பெயர் இல்லாமல், எத்தனை காப்பி என்று இல்லாமல். அழிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அதற்குள் முன்னறையிலிருந்து அடுத்த ஆர்டர் அதற்குக் கீழே வந்து விழுந்தது, ஒரு மாவு மில். எக்ஸெல், கோரல் விழித்திருக்கிறதா என்று பார்த்தது. விழித்திருந்தது.

உள்ளே மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.